ஒரு துணி கூட கையில வச்சுக்காத ஃபேஷன் தேடல் ஆப் எப்படி இவ்ளோ வளருது? டர்பன்ல சின்ன கடை வச்சிருக்கேன், சேரலாமா?

ரிசர்வாயர்_ஹில்ஸ்_தையல்:

எல்லாருக்கும் வணக்கம். சொந்த ஊரு சேலம் பக்கம், கல்யாணமாகி தென்னாப்பிரிக்கால டர்பன் வந்து 11 வருஷம் ஆச்சு. வீட்டு கராஜையே கடையா மாத்தி இளம்பிள்ளை சேலை, பிள்ளைங்களுக்குப் பாவாடை சட்டை, சுடிதார் செட், அப்புறம் அளவெடுத்து பிளவுஸ் தைச்சுத் தர்றதுன்னு 6 வருஷமா ஓடிட்டு இருக்கு. விளம்பரம்னா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், கோவில்ல பார்க்கிறவங்க நாலு பேர்கிட்ட சொல்றது, அவ்ளோதான். தைப்பூசக் காவடி, புரட்டாசி, தீபாவளி வந்தா கை ஓயாது, மத்த மாசம் ரொம்ப மந்தம்.

போன வாரம் நடந்தது மனசை விட்டுப் போக மாட்டேங்குது, அதான் எழுதுறேன். வழக்கமா வர்ற ஒரு பொண்ணு போனை நீட்டி "அக்கா இதே மாதிரி குர்த்தி எனக்கு வேணும், 380 ரேண்ட் போட்டிருக்கான், எடுக்கலாமா சொல்லுங்க"ன்னு கேட்குது. பார்த்தா அதே பிளாக் பிரிண்ட், அதே கழுத்து, அந்தப் பொண்ணு தலைக்கு மேல ஹேங்கர்லயே 290க்கு தொங்கிட்டு இருக்கு! என் கடைக்குள்ள நின்னுட்டு என் துணியைப் பார்க்காம போன்ல பார்க்குது. அது தப்புன்னு நான் சொல்லல, இப்ப எல்லாரும் தேடுறதே அங்கதான். 9ஆம் வகுப்பு படிக்கிற என் பொண்ணு ஒரே வார்த்தைல சொல்லிட்டா, "அம்மா நீ தேடுனா கிடைக்கவே மாட்ட"ன்னு.

அந்த ஆப்காரங்ககிட்ட இருந்தே ரெண்டு நாள் முன்னாடி மெயிலும் வந்திருக்கு, உங்க கடையையும் சேர்த்துக்கறோம்னு. அவங்ககிட்ட குடோன் கிடையாது, ஒரு பீஸ் துணி கிடையாது, எல்லா கடை துணியையும் ஒரே இடத்துல காட்டுறாங்க, பிடிச்சதை அழுத்தினா அந்தக் கடைக்கே கொண்டு போய் விடுறாங்க. இப்படிக் காட்டியே எப்படி இவ்ளோ பெரிசா ஆகுறாங்க? எண்ணிப் பார்த்தா 140 பீஸ் இருக்கிற என் கடை அவங்களுக்கு எதுக்கு? சேர்ந்தா நல்லதா, இல்ல இருக்கிற நிம்மதியும் போயிடுமா? தெரிஞ்சவங்க விளக்கமா சொல்லுங்க.

---

கேட்டலாக்_கேப்டவுன்:

அக்கா, நான் கேப்டவுன்ல 8 வருஷமா இந்த வேலைதான் பார்க்கிறேன், ஆன்லைன் கடைகளோட பொருள் விவரத்தை ஒழுங்கு பண்ணித் தேடல்ல வர வைக்கிறது. கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல ஒரு பழைய கதை. 2000 பிப்ரவரில கிராமி விழாவுக்கு ஜெனிஃபர் லோபஸ் ஒரு பச்சை வெர்சாச்சே கவுன் போட்டுட்டு வந்தாங்க. மறுநாள் உலகமே கூகுள்ல அந்த டிரஸ்ஸைத் தேடுது, கூகுள் குடுத்தது வெறும் நீல எழுத்து லிங்க்குதான், யாருக்குமே டிரஸ் கண்ணுல படல. 2001ல கூகுள் இமேஜ் தேடல் வந்ததுக்கு அந்த டிரஸ்தான் தூண்டுதல்னு அந்தக் கம்பெனியை நடத்தின எரிக் ஷ்மிட்டே பின்னால எழுதியிருக்கார். துணியைத் தேடுறது மத்த தேடல் மாதிரி இல்லை, பேரு தெரியாது, கண்ணுல பட்டது மட்டும்தான் ஞாபகம் இருக்கும். அந்த இடத்துல நுழைஞ்சவங்கதான் இந்த ஃபேஷன் தேடல்காரங்க.

பெரிய உதாரணம் லண்டன்ல இருக்கிற லிஸ்ட் (Lyst)ன்ற ஃபேஷன் தேடல் கம்பெனி. 2010ல கிறிஸ் மார்ட்டன்னு ஒருத்தர் ஆரம்பிச்சார். தொடக்கத்துல அது தேடலே இல்லை, பிடிச்ச டிசைனரை ஃபாலோ பண்ணி வச்சா புதுசு வரும்போது காட்டும், அவ்ளோதான். போகப் போகத்தான் ஆயிரக்கணக்கான பிராண்டும் கடையும் ஒரே தேடல் பெட்டிக்குள்ள வந்துச்சு. 2018ல லூயி வுட்டான் எல்லாம் வச்சிருக்கிற எல்விஎம்எச் அதுல பணம் போட்டாங்க, 2025ல ஜப்பான்ல சோசோ கம்பெனி 15 கோடி 40 லட்சம் டாலருக்கு மொத்தமா வாங்கிட்டாங்க. விலைக்குப் போனப்ப அவங்ககிட்ட குடோன் இருந்துச்சா, துணி இருந்துச்சா? ஜனங்க என்ன தேடுறாங்கன்ற கணக்குதான் அவங்க சொத்து. அதை வச்சுத்தான் மூணு மாசத்துக்கு ஒரு தடவை எந்த பிராண்ட் சூடா ஓடுதுன்னு ஒரு வரிசை விடுறாங்க, பத்திரிக்கை எல்லாம் அதை எடுத்துப் போடுது, அப்படிப் போடுறதே அவங்களுக்கு விளம்பரமா ஆகிடுது.

இப்ப உள்ள எப்படி நடக்குதுன்னு சொல்றேன். ஒவ்வொரு கடையும் ஃபீடுன்னு ஒரு ஃபைல் அனுப்பும். நம்ம ஊர் கணக்கு நோட்டு மாதிரிதான், ஒரு வரிக்கு ஒரு பொருள், பேரு, விலை, அளவு, நிறம், ஸ்டாக் இருக்கா இல்லையா, போட்டோ எங்க இருக்கு, கடைப் பக்கம் எங்க இருக்குன்னு கட்டம் கட்டமா இருக்கும். இதை தினமும் ஒரு தடவை, சில இடத்துல மணிக்கு ஒரு தடவை வாங்குவாங்க. இதுல ஒரு கடைக்காரர் "நேவி"ன்னு எழுதியிருப்பார், இன்னொருத்தர் "மிட்நைட்"னு எழுதியிருப்பார், மூணாவது ஆளு "நிறம் 04"ன்னு எழுதியிருப்பார், தேடுற பொண்ணு அடிக்கிறது "கருநீலம்". இந்த நாலையும் ஒண்ணுன்னு புரிஞ்சுக்கற வேலைலதான் என் நாள் பூரா போகுது, பிளாட்ஃபாரம் வளர்ந்ததே இந்த வேலையாலதான்னு நான் அடிச்சுச் சொல்வேன். விளம்பரத்துக்குக் கொட்டுற பணம் எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

நம்ம ஆளுங்களோட பிரச்சனையையே எடுத்துக்கோங்க. தமிழ்நாட்டுல இருந்து வந்தவங்க பிளவுஸை ஜாக்கெட்னு சொல்வோம். தேடல்ல ஜாக்கெட்னு அடிச்சா குளிருக்குப் போடுற கோட்டு வந்து நிக்கும். இங்க டர்பன்ல பொறந்து வளர்ந்தவங்க சல்வார் கமீஸை "பஞ்சாபி"ன்னுதான் சொல்வாங்க, நீங்க சுடிதார்னு எழுதி வச்சா அவங்க கண்ணுக்கு நீங்க இல்லவே இல்லை. அதே மாதிரி ஸ்போர்ட்ஸ் ஷூவை டேக்கீஸ்னும் ஸ்வெட்டரை ஜெர்சினும் அடிப்பாங்க, வெளிநாட்டு ஆப் இந்த நாட்டுக்கு வந்தா முதல்ல முழிக்கிறது இங்கதான்.

காசு எங்க இருந்து வருதுன்னா பெரும்பாலும் கமிஷன். அவங்க லிங்க்கை அழுத்தி உங்க கடைக்கு வந்து ஒரு ஆள் வாங்கினா விலைல ஒரு பங்கு, ரிட்டர்ன் ஆயிட்டா அந்தக் கமிஷனும் ரத்து. இன்னொரு வகை கிளிக்குக்கு இவ்ளோன்னு, வாங்கினாலும் வாங்காட்டியும் வசூல் பண்றது. உங்களுக்கு வந்த மெயில்ல ரெண்டுல எது இருக்குன்னு முதல்ல பாருங்க.

அப்புறம் உங்க 140 பீஸ் எதுக்குன்னு கேட்டீங்க பாருங்க, அதுதான் சரியான கேள்வி. ஒருத்தர் வந்து ஒண்ணு தேடி "எதுவும் கிடைக்கவில்லை"ன்னு வந்துச்சுன்னா அந்த ஆள் திரும்ப வர மாட்டார். கறுப்பு டீசர்ட் அவங்ககிட்ட 50 கடைல இருக்கு, 51ஆவதா நீங்க போனா ஒரு புண்ணியமும் இல்லை. ஆனா 6 வயசுப் பிள்ளைக்கு மயில்கழுத்து நிறத்துல பட்டுப் பாவாடை, அதுவும் இந்த நாட்டுக்குள்ள இருந்து ரெண்டு மூணு நாள்ல வர்ற மாதிரி, எத்தனை கடைல இருக்கும்? அந்தக் காலி இடத்தை நிரப்பத்தான் உங்களைக் கூப்பிடுறாங்க. கூகுள்லயும் இதே கதைதான், இப்படி யாரும் கவனிக்காத சின்னச் சின்னத் தேடல் ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் வச்சு வச்சு, அது வழியா வர்ற ஆளுங்களாலதான் இந்த மாதிரி ஆப் பாதி வளருது.

---

சாட்ஸ்வர்த்_சிஎம்டி:

மகளே உன் கேள்விய என் பேத்தி படிச்சுக் காட்டினா, நான் சொல்லச் சொல்ல அவதான் அடிக்கிறா. நான் இங்கயே பொறந்தவ, என் பாட்டி பேசுன தமிழ்தான் எனக்கு. 1979ல துணி ஃபேக்டரிக்குப் போனேன், ஓவர்லாக் மிஷின்ல 22 வருஷம். எங்க ரோட்டுல வீட்டுக்கு ஒரு பொம்பளை ஃபேக்டரிக்குப் போன காலம் அது, காலைல பஸ்ஸு நிறைய நாங்கதான். 94க்கு அப்புறம் வரியைக் குறைச்சுக் குறைச்சு வெளிநாட்டுத் துணி வந்து குவிஞ்சுது, ஒவ்வொரு ஃபேக்டரியா மூடினான். எங்களை அனுப்பின அன்னிக்கு நான் என் மிஷின் பாபின் கேஸை மட்டும் கேட்டு வாங்கிட்டு வந்தேன், இன்னும் வச்சிருக்கேன்.

இப்ப மறுபடி அதே மாதிரி ஒரு அலை வந்துச்சு, இந்தத் தடவை போனுக்குள்ள. சீனாத் துணியை மலிவா விக்கிற ஆப் ஷீன் வந்தான், 2024 ஜனவரில அதே மாதிரி டெமு வந்தான். 500 ரேண்டுக்குக் கீழ உள்ள பார்சல்னா 20 சதவீதம் இறக்குமதி டூட்டி மட்டும், வாட் கிடையாதுன்னு ஒரு சலுகை இருந்துச்சு, ஆனா முறையா கண்டெய்னர்ல துணி கொண்டு வர்ற கடைக்காரன் 45 சதவீதம் டூட்டியும் 15 சதவீதம் வாட்டும் கட்டணும். இதுல எப்படி நம்ம பிள்ளைங்க போட்டி போடுறது? 2024 செப்டம்பர் 1ல இருந்துதான் சின்ன பார்சலுக்கும் வாட் போட்டாங்க. அது வந்த அப்புறம் என் மருமகளோட சிஎம்டிக்கு, அதான் துணியை வெட்டித் தைச்சுக் குடுக்கிற சின்ன யூனிட்டுக்கு, ஸ்கூல் யூனிபார்ம் ஆர்டர் கொஞ்சம் திரும்ப வந்திருக்கு, ஆனா அதுனாலதான் வந்துச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.

இதை ஏன் சொல்றேன்னா நீ அந்தத் தேடல்ல போய் விலைல நிக்காத. அங்க விலையை மேல கீழ அடுக்கிப் பார்க்கிற பட்டன் இருக்கு, பேத்தி காட்டினா. அதுல நீ எப்பவுமே கீழ போக முடியாது, போகவும் கூடாது. உன்கிட்ட இருக்கிறது அளவு. பிளவுஸ் தைக்கிறவ கைக்கு இருக்கிற மதிப்பு எந்த மிஷினுக்கும் கிடையாது. கேப்டவுன் தம்பி சோசோன்னு சொன்னாரே, பேத்தி தேடிப் பார்த்துச் சொல்றா, அவன் முன்னாடி உடம்பு பூரா வெள்ளைப் புள்ளி வச்ச ஒரு சூட்டை வீட்டுக்கு அனுப்பி, போன்ல போட்டோ எடுத்தே அளவெடுத்தானாம். எவ்ளோ பெரிய கம்பெனி, அவ்ளோ செலவு பண்ணி எதைத் தேடினான் பாரு, டேப்பு பிடிக்கிற கையை! அது உன்கிட்ட கராஜ்ல இருக்கு. அதை எழுது, பெரிசா எழுது.

அப்புறம் கிரே ஸ்ட்ரீட் சேலைக் கடைக்காரங்க எல்லாம் ஆளை முகம் பார்த்து இன்ன நிறம் எடுன்னு சொல்வாங்க. போட்டோல அது முடியாது. வெயில்ல வச்சு போட்டோ எடு, ட்யூப் லைட்ல எடுக்காத. நான் ஆன்லைன்ல மாம்பழ மஞ்சள்னு வாங்கின சேலை எலுமிச்சை மஞ்சளா வந்துச்சு, காவடிக்குக் கட்ட வச்சிருந்தேன், மனசு ஒப்பவே இல்லை, பீரோல கிடக்கு.

---

லெனேசியா_கடை:

நானும் கடைக்காரிதான் சிஸ்டர், ஜோபர்க்ல லெனேசியா. நல்லதும் கெட்டதும் ரெண்டும் பட்டிருக்கேன், அதை அப்படியே சொல்றேன்.

3 வருஷம் முன்னாடி ஒரு தேடல் சைட்ல சேர்ந்தேன், பேரு வேண்டாம். கிளிக்குக்குக் காசு. முதல் மாசம் 1,700 ரேண்ட் பில் வந்துச்சு, வித்தது மூணே மூணு துப்பட்டா. ஏன்னு உட்கார்ந்து பார்த்தேன், முக்கால்வாசி கிளிக்கு ஒரே ஒரு லெஹங்காவுக்கு வந்திருக்கு, அது ரெண்டு வாரம் முன்னாடியே வித்துப் போச்சு! நான் ஸ்டாக்கை மாத்தல, அவங்க பக்கமும் பழைய ஃபைலையே காட்டிட்டு இருந்திருக்காங்க. பொலோக்வானேல இருந்து ஒரு அம்மா போன் பண்ணி மகள் நிச்சயதார்த்தத்துக்குன்னு அதையே நம்பி இருந்தேன்னு சொன்னாங்க பாருங்க, எனக்கு அன்னிக்கு சாப்பாடு இறங்கல. அந்தக் காசு போனதை விட இது வலிச்சுது. சைட்டுக்கு நாலு மெயில் போட்டேன், பதிலே இல்லை, விட்டு வெளிய வந்துட்டேன்.

அதுக்கு அப்புறம் போன வருஷம் கமிஷன் முறைல வேற ஒரு இடத்துல சேர்ந்தேன், இப்ப நல்லாவே போகுது. வித்தியாசம் என்னன்னா இந்தத் தடவை எல்லாத்தையும் போடல. ஒரே பீஸ் இருக்கிறதைப் போடவே மாட்டேன், குறைஞ்சது நாலு இருக்கணும், திரும்ப வரவழைக்க முடியணும். ராத்திரி கடை மூடும் முன்னாடி ஸ்டாக் மாத்திட்டுத்தான் சாவியை எடுப்பேன். டெலிவரிக்கு பாக்ஸி பார்சல் சேவை போதும், பெப் கடைல போட்டா அவங்க ஊர்ல இருக்கிற பெப் கடைல போய் எடுத்துக்கறாங்க, கேட் பூட்டி இருக்கு ஆள் இல்லைன்னு கூரியர் திரும்பி வர்ற தொல்லை இல்லை.

இன்னொண்ணு மனசுல வச்சுக்கோங்க, இந்த மாதிரி இடம் எதுவும் நிரந்தரம்னு நினைக்கக் கூடாது. இந்த நாட்டுலயே பாருங்க, ஜாண்டோன்ற ஆன்லைன் துணிக்கடை 2012ல எவ்ளோ ஆரவாரமா வந்துச்சு, அதை வச்சிருந்த ஜுமியா நியூயார்க் பங்குச் சந்தை வரைக்கும் போனாங்க, 2024 கடைசியோட இங்க மூடிட்டாங்க. இன்னொரு ஆன்லைன் கடை சூப்பர்பாலிஸ்ட் 2010ல சிட்டிமாப்னு கேப்டவுன்ல ஆரம்பிச்சது, 2014ல இங்க பெரிய ஆன்லைன் கடையான டேக்கலாட் வாங்கினாங்க, 2018ல ஸ்ப்ரீன்ற கடையும் அதுக்குள்ள சேர்ந்துச்சு, 2024ல டேக்கலாட் அதை வித்துட்டாங்க. அதனால வாங்கினவங்க நம்பரை, அவங்க சம்மதம் கேட்டுட்டு, உங்க நோட்டுல தனியா எழுதி வைங்க. ஆப் போனாலும் ஆளு உங்ககூட இருப்பாங்க.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ்_தையல்:

படிச்சுட்டுக் கண்ணே கலங்கிடுச்சு, இவ்ளோ பொறுமையா எழுதியிருக்கீங்க. சாட்ஸ்வர்த் அம்மா, பாபின் கேஸ் பத்தி எழுதினதை என் பொண்ணுக்கும் படிச்சுக் காட்டினேன், அவ அதுக்கு அப்புறம் ரொம்ப நேரம் என் மிஷின் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா.

மெயிலைத் திரும்பப் பார்த்தேன், கமிஷன்தான் போட்டிருக்கு, 12 சதவீதம். ஆனா ஒரு பயம். ரிட்டர்ன் வாங்கிக்கணும்னு எழுதியிருக்கு. ரெடிமேட் குர்த்தின்னா வாங்கிக்கலாம், அளவெடுத்துத் தைச்ச பிளவுஸை திருப்பி அனுப்பினா நான் அதை யாருக்கு விக்கிறது? சட்டப்படி வாங்கித்தான் ஆகணுமா?

---

கேட்டலாக்_கேப்டவுன்:

அக்கா இதுக்கு சட்டத்துலயே வழி இருக்கு. 2002ல வந்த மின்னணுத் தொடர்பு, பரிமாற்றச் சட்டம்தான் இங்க ஆன்லைன் வியாபாரத்துக்கு. அதுபடி ஆன்லைன்ல வாங்கினவங்க பொருள் கைக்கு வந்து 7 நாளைக்குள்ள காரணமே சொல்லாம திருப்பிக் குடுக்கலாம், அனுப்புற செலவு மட்டும் அவங்களோடது, நீங்க 30 நாளைக்குள்ள பணத்தைத் திருப்பணும். ஆனா வாங்குறவர் சொன்ன அளவுக்கு, அவருக்குன்னே செஞ்ச பொருளுக்கு இந்த 7 நாள் உரிமை கிடையாதுன்னு அதே சட்டத்துல விலக்கு இருக்கு. உங்க பிளவுஸ் அதுல வந்துடும். தையல்லயே குறைன்னா அது வேற, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 6 மாசம் வரைக்கும் கேட்க விடுது, அதுக்கு நீங்கதான் பொறுப்பு. அதனால ரெடிமேடை ஒரு பிரிவாவும் அளவுத் தையலை இன்னொரு பிரிவாவும் தனித்தனியா போடுங்க, ரிட்டர்ன் விதியை பிளவுஸ் பக்கத்துலயே எழுதிடுங்க, ஆர்டர் போட்ட அப்புறம் சொல்லாதீங்க. ஆப்காரங்ககிட்டயும் இதை மெயில்ல எழுதி சரின்னு பதில் வாங்கிக்கோங்க.

லெனேசியா அக்கா சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. பாலிவோர்னு ஒண்ணு இருந்துச்சு, 2007ல வந்தது, பொண்ணுங்க தங்களுக்குப் பிடிச்ச டிரஸ், செருப்பு, பை எல்லாத்தையும் வெட்டி ஒட்டின மாதிரி ஒரே படமா அடுக்கி வைப்பாங்க, அதுல இருந்து கடைக்குப் போகலாம். ஜெஸ் லீன்னு ஒரு பொண்ணு இது சரியில்லை அது சரியில்லைன்னு நீளமா மெயில் போட்டாங்க, அதைப் படிச்ச நிறுவனர் நீங்களே வந்து சரி பண்ணுங்கன்னு வேலைக்கே எடுத்தார், பின்னால அவங்கதான் அதுக்கு தலைமை. 2015ல யாஹூ வாங்கினாங்க, 2018 ஏப்ரல்ல வேற ஒரு கடைக்காரங்க கைக்கு மாறின அன்னிக்கே மூடிட்டாங்க. வருஷக் கணக்கா அடுக்கி வச்சவங்களுக்கு அது எவ்ளோ கஷ்டமா இருந்திருக்கும். உங்க போட்டோ, உங்க விவரம் எல்லாம் உங்க கம்ப்யூட்டர்ல ஒரு காப்பி எப்பவும் இருக்கட்டும்.

பெரிய ஆளுங்களும் தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டாங்க. நம்ம இந்தியால மிந்த்ரா 2015 மே மாசம் வெப்சைட்டையே மூடி ஆப் மட்டும்தான்னு சொன்னாங்க, அடுத்த வருஷமே திரும்ப வெப்சைட்டைத் திறந்தாங்க. ஆப்புக்குள்ள இருக்கிறதை விட வெளிய தேடிட்டு வர்ற ஆளு முக்கியம்னு என் அனுபவம் சொல்லுது. அதனால நான் உங்க இடத்துல இருந்தா முதல்ல கூகுள்ல ஷாப்பிங் பகுதில போடுவேன், 2020ல இருந்து அதுல காசில்லாமலே பட்டியல் போட வழி இருக்கு. அதுக்கு எழுதுற அதே ஃபைல்தான் அந்த ஆப்புக்கும் வேணும், ரெண்டு வேலை இல்லை. ஒரு 20 பீஸ் போதும். பேரை இப்படி எழுதுங்க, யாருக்கு, என்ன துணி, என்ன நிறம், எதுக்குக் கட்டுறது. "டிசைன் 17"ன்னு எழுதாதீங்க.

---

ரிசர்வாயர்_ஹில்ஸ்_தையல்:

3 வாரம் கழிச்சு வர்றேன், என்ன ஆச்சுன்னு சொல்லாம விடக் கூடாதுல்ல.

22 பீஸ் எடுத்தோம். நானும் பொண்ணும் சனிக்கிழமை காலைல மாமரத்துக்கு அடில வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்க விட்டு அது முன்னாடி ஒவ்வொண்ணா மாட்டி போட்டோ எடுத்தோம். மாம்பழ மஞ்சள் சேலைக்குப் பக்கத்துல நிஜமாவே ஒரு மாம்பழத்தை வச்சு ஒரு போட்டோ எடுக்கலாம்னு அவ சொன்னா, நிறம் மாறித் தெரிஞ்சா பார்க்கிறவங்களுக்கே புரிஞ்சுடும்னு. எடுத்தோம். சுடிதார் எல்லாத்துக்கும் பஞ்சாபின்னும் சேர்த்து எழுதினேன், பிளவுஸ்ல ஜாக்கெட்னும் சேர்த்தேன். பேரு எழுதத்தான் ரொம்ப நேரம் போச்சு, ஒரு பாவாடைக்கு மட்டும் அரை மணி நேரம், அந்த நிறம் மயில்கழுத்தா கிளிப்பச்சையான்னு எங்க ரெண்டு பேருக்குள்ளயும் சண்டை, கடைசில ரெண்டையும் எழுதினோம்.

கூகுள்ல முதல்ல போட்டேன், ஒரு வாரம் கழிச்சு ஆப்லயும் அதே 22. பிளவுஸுக்கு 7 நாள் ரிட்டர்ன் இல்லைன்னு மெயில் போட்டேன், சரின்னு எழுதிக் குடுத்தாங்க. இதுவரைக்கும் 5 ஆர்டர். நாலு பேர் எனக்கு முன்ன பின்ன தெரியாதவங்க! அதுல ஒண்ணு பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல இருந்து, அந்த மாம்பழப் போட்டோ சேலைதான், கூட பிளவுஸும் தைச்சு வேணும்னு கேட்டாங்க. அவங்க பாட்டிக்காம், 81 வயசு, கடைக்கு வர முடியாது, தீபாவளிக்குக் கட்டணும்னு ஆசைப்படுறாங்களாம். பேத்தி அளவெடுத்து அனுப்பியிருக்கா, மார்பு, இடுப்பு, தோள், கை நீளம் 10 இஞ்ச் எல்லாம் சரியா இருக்கு. ஆனா பாட்டிக்கு வலது கை முட்டில வீக்கம் இருக்கு, இறுக்கினா வலிக்கும்னு கீழ ஒரு வரி எழுதியிருக்கா, அந்த சுத்தளவு மட்டும் எழுதல. நான் வச்சிருக்கிற அளவு ஃபார்ம்ல அந்தக் கட்டமே இல்லை. சாட்ஸ்வர்த் அம்மா, முழங்கைக்கு எப்படி அளக்கச் சொல்லட்டும்?

---

சாட்ஸ்வர்த்_சிஎம்டி:

கையைத் தொங்க விட்டு அளக்கச் சொல்லாத மகளே. தட்டுல சோறு எடுத்து வாய்க்குக் கொண்டு போற மாதிரி மடக்கச் சொல்லு, அப்ப முட்டியைச் சுத்தி டேப்பு பிடிக்கச் சொல்லு, அதுக்கு மேல முக்கால் இஞ்ச் விடு. உள்தையல்ல ரெண்டு பக்கமும் ஒரு இஞ்ச் மடிச்சு வை, வீக்கம் கூடினா பிரிச்சு விட்டுக்கலாம். கொக்கியைப் பின்னாடி வைக்காத, முன்னாடி வை, பாட்டி தானாவே போட்டுக்கட்டும்.